இலைக்குள் ஓடும் வெள்ளைக்கோடு: அறிகுறியை வைத்து இலைத்துளைப்பானைக் கண்டுபிடிப்பது

"இலையில வெள்ளையா பாம்பு மாதிரி கோடு ஓடுது, என்ன மருந்து அடிக்கலாம்?" மழை ஓய்ந்து செடிகள் துளிர்விடும் நாட்களில் மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. மருந்தை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கோட்டைப் போட்டது யார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

கோடு இலையின்மேல் இல்லை, இலைக்குள் இருக்கிறது. மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே ஒரு புழு தின்றுகொண்டே நகர்ந்திருக்கிறது. இப்படி இலைக்குள் குடையும் பூச்சிக்குத்தான் இலைத்துளைப்பான் என்று பெயர். தின்ற தடம் வெளுத்துத் தெரிகிறது. அந்துப்பூச்சியின் புழுவும் இப்படிக் குடையும், ஈயின் புழுவும் குடையும், சில வண்டுகளின் புழுவும் குடையும். கடையில் கேட்டால் மூன்றுக்கும் ஒரே டப்பாவை எடுத்து வைப்பார்கள்.

பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடித்துப் பெயர் சொல்வது எளிதல்ல. இந்தக் கூட்டத்தில் பலவற்றின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். விளக்கடியில் வந்து விழுந்தாலும் தூசி என்று ஊதிவிடுவோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே செடியை, மிஞ்சினால் ஒரே செடிக்குடும்பத்தைத்தான் தொடும். அதனால் எந்தச் செடி, தளிரா முற்றிய இலையா, குடைவு என்ன வடிவம் என்ற மூன்றும் கையில் இருந்தால், பூச்சியைப் பார்க்காமலே பெயருக்கு வெகு அருகில் போய்விடலாம். தமிழ்நாட்டில் சாதாரணமாகக் கண்ணில் படும் செடிகளை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு குண்டூசி, செல்போன் டார்ச். இவ்வளவு போதும்.

அறிகுறி: வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கோடு, போட்டது ஈயா அந்துப்பூச்சியா தெரியவில்லை

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இலையைப் பறித்து, அடியில் டார்ச்சை வைத்து மேலிருந்து பாருங்கள். கோட்டுக்குள் கறுப்பாக ஏதோ தெரியும். அது புழுவின் எச்சம். அந்த எச்சம் கோட்டின் நடுவில் ஒரே இழையாக, அறுபடாமல் போகிறதா? அந்துப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். துண்டு துண்டாக, ஒருமுறை இடது ஓரத்திலும் அடுத்தது வலது ஓரத்திலும் மாறி மாறிக் கிடக்கிறதா? ஈ. ஈயின் புழு இலைக்குள் ஒருக்களித்துப் படுத்துத்தான் தின்னும். அவ்வப்போது புரண்டு மறுபக்கம் படுக்கும். எச்சம் இடம் மாறி விழுவது அதனால்தான்.

அடுத்து கோடு முடியும் அகலமான முனைக்குப் போங்கள். புழு உள்ளே இருந்தால் அங்கேதான் இருக்கும். குண்டூசி முனையால் தோலை லேசாகக் கிழித்து லென்ஸ் வழியே தலையைப் பாருங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்குத் தலை என்று தனியாக ஒன்று இருக்கும், பெரும்பாலும் பழுப்பாக, உடம்பிலிருந்து பிரிந்து தெரியும். ஈயின் புழுவுக்குத் தலையே கிடையாது. மஞ்சளான உடம்பு; முன்முனையில் தோலுக்கு உள்ளே கறுப்பாக ஒரு கொக்கி. உயிரோடு இருந்தால் அந்தக் கொக்கி இடமும் வலமும் வீசிக்கொண்டே இருப்பது தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. கால்களை எண்ணி முடிவெடுக்க வேண்டாம். இலைக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுக்கள் பலவற்றுக்கும் கால்கள் இருப்பதில்லை.

மூன்றாவது தடயம், அதே செடியின் மற்ற இலைகளில் ஊசி குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் பரவிக் கிடப்பது. பெண் ஈ இலையைக் குத்திச் சாறு குடித்த, சில இடங்களில் முட்டையும் வைத்த தடங்கள் அவை. இந்தக் கட்டுரையில் வரும் அந்துப்பூச்சிகள் எதுவும் இப்படிக் குத்துவதில்லை.

இந்த ஈ லிரியோமைசா டிரைஃபோலியை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1990 வாக்கில் இந்தியாவுக்குள் வந்தது. தக்காளி, அவரை, பீன்ஸ், பருத்தி, செவ்வந்தி, பூசணி, பீர்க்கு, பாகல் என்று எதையும் விட்டுவைக்காது. கொடிக் காய்கறிகளின் இலையில் வளைந்த கோட்டைப் பார்த்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் தக்காளி, பூசணி, அவரை மூன்றிலும் ஒரே மாதிரிக் கோடு ஓடுகிறது என்றால் லென்ஸ்கூடத் தேவையில்லை. ஒரு அந்துப்பூச்சி இத்தனை குடும்பத்துச் செடிகளில் குடித்தனம் நடத்தாது.

பழகிக்கொள்ள ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஆமணக்கும் காட்டாமணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் தரிசு எதுவானாலும் சரி. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆமணக்கு இலையில் வளைந்த கோடுகள் இருக்கும்: அது ஈ. காட்டாமணக்கு இலையில் கோடாகத் தொடங்கி அகன்று, வெளிறிய கொப்புளமாக உப்பியிருக்கும்: அது ஸ்டோம்ஃபாஸ்டிஸ் த்ராஸ்டிகா என்ற அந்துப்பூச்சி. இரண்டிலும் ஒவ்வொரு இலை பறித்து வந்து, அடுத்தடுத்து வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எச்சம், தலை, குடைவின் வடிவம் மூன்றிலும் உள்ள வேறுபாடு அங்கேயே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: எலுமிச்சைத் தளிர் சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளி மினுமினுப்பாகத் தடம்

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, கொஞ்சம் வில்வம். ஆள் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெய்ன்டன் 1856-ல் கல்கத்தாவிலிருந்து போன பூச்சிகளை வைத்து இதற்குப் பெயர் வைத்தார். நம் ஆசியப் பூச்சிதான். 1993-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தலைகாட்டி, சில ஆண்டுகளிலேயே உலகின் ஆரஞ்சுத் தோட்டங்கள் பலவற்றுக்கும் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் புளியங்குடி எலுமிச்சைத் தோப்பிலும் இருக்கும், நான்காவது மாடித் தொட்டியிலும் இருக்கும்.

தடத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். ஈ குடைந்த தடம் ஒளியை விடும், ஏனென்றால் உள்ளே இருந்த பச்சைச் சதை போய்விட்டது. எலுமிச்சையின் தடம் அப்படி ஒளியை விடாது. இந்தப் புழு பச்சைச் சதையைத் தொடுவதே இல்லை. வெளித்தோலின் உயிரணுக்களை மட்டும் அறுத்து, வழியும் சாற்றைக் குடிக்கிறது. தோல் பிரிந்து நிற்க, அடியில் காற்று புகுந்து வெள்ளிபோல மின்னுகிறது. நடுவில் எச்சம் கறுப்பு இழையாக ஓடும். தடம் நத்தை ஊர்ந்த வழிபோல இருப்பதால் பலர் துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். போகாது.

தடத்தின் கடைசியைத் தேடிப் போனால் அது கிட்டத்தட்ட எப்போதும் இலையின் விளிம்பில் முடியும். அந்த இடத்தில் விளிம்பு உள்பக்கம் மடிந்து ஒட்டியிருக்கும். மடிப்பைக் குண்டூசியால் மெல்லத் திறந்தால், பட்டிழையால் வேய்ந்த சின்ன அறைக்குள் பழுப்பு நிறக் கூட்டுப்புழு படுத்திருக்கும். எலுமிச்சை இலை, வெள்ளித்தடம், விளிம்பு மடிப்பு மூன்றும் சேர்ந்துவிட்டால் அடையாளம் முடிந்தது. பறக்கும் பூச்சியைப் பார்க்கக் கிடைத்தால், இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளிநிறமாக, இறகு நுனியில் ஒரு கறுப்புப் பொட்டோடு இருக்கும்.

மருந்து கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தடம் பெரிதாகத் தெரியும் இலையில் வேலை முடிந்துவிட்டது, அதன்மேல் எதை அடித்தும் பயனில்லை. தடம் மறையவும் மறையாது. இந்தப் பூச்சி முட்டை வைப்பது தளிரில் மட்டும். இலை முற்றிவிட்டால் தொடாது. ஆகவே வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதானால் துளிர் வெளிவரும்போதே, அதன் இரண்டு பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து மாதாமாதம் துளிர வைப்பவர்கள் தொட்டியில்தான் இது அதிகமாக இருக்கும். காய்க்கும் பெரிய மரம் என்றால் விட்டுவிடுங்கள், அது தாங்கும். நாற்றையும் இளங்கன்றையும் மட்டும் கவனித்தால் போதும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தடம் ஓடிய இடங்களில் பழுப்பு மருக்கள் கிளம்பினால் அது சொறிநோய். அந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியா; பூச்சி அறுத்த தோல் வழியே அது சுலபமாக உள்ளே போய்விடுகிறது.

அறிகுறி: தக்காளி இலையில் கோடு இல்லை, ஒழுங்கற்ற பெரிய வெளிறல்; காயில் ஊசித்துளை

கோடு வளைந்து ஒரே அகலத்தில் போனால் முன்னே சொன்ன ஈதான். தாளை நெருப்பில் காட்டியதுபோல் அகலமாக வெளுத்துப் பழுப்பேறி, அதற்குள் ஒரு மூலையில் எச்சம் குவிந்து கிடந்தால் டூட்டா. முழுப்பெயர் டூட்டா அப்சல்யூட்டா. தென் அமெரிக்கப் பூச்சி. 2006-ல் ஸ்பெயினுக்குள் வந்து, 2014-ல் மகாராஷ்டிரத்தில் புனே பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தெற்கே இறங்கியது. கிருஷ்ணகிரி போன்ற தக்காளிப் பகுதிகளில் இதை இப்போது எல்லோருக்கும் தெரியும்.

வெளிறிய இடத்தைக் கிழித்தால் சில நேரம் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். குழம்ப வேண்டாம். எலுமிச்சைப் புழு பிறந்த குடைவிலேயே கூடு கட்டும். டூட்டா அப்படியல்ல, ஒரு குடைவை விட்டு வெளியே வந்து வேறு இலையிலோ தண்டிலோ காயிலோ புகுந்துவிடும். பக்கத்து இலைகளைப் பாருங்கள். புழு கிடைத்தால் தலைக்கு அடுத்தாற்போல் முதுகில் மெல்லிய கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். உடம்பு பச்சையாகவும், வளர்ந்த பின் இளஞ்சிவப்பு ஏறியும் இருக்கும். காயில் காம்பை ஒட்டிய துளைகளும் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். காய்ப்புழு போடும் துளை பெரிது. இது ஊசி முனை அளவுதான்.

உருளைக்கிழங்கு, கத்தரி, புகையிலை இலைகளில் இதே மாதிரி வெளிறல் இருந்தால் இன்னொரு உறவினரையும் சந்தேகப்பட வேண்டும்: உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி. 1906-ல் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு பம்பாய்க்குள் நுழைந்தது. சேமித்த கிழங்கின் கண்களில் எச்சம் ஒட்டியிருந்தால் அதுதான்.

டூட்டா தாக்கிய இலைகளைப் பறித்து வரப்பில் போடாதீர்கள். புழு நடந்து திரும்பி வரும். உரக்குழியில் மேலாகப் போட்டாலும் அதே கதைதான், ஆழமாகப் புதைத்துவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் பொறி) வைத்தால் ஆண் பூச்சிகள் விழும். தோட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று உறுதி செய்ய அதைவிட எளிய வழி கிடையாது.

அறிகுறி: நிலக்கடலை வயல் தூரத்திலிருந்து பார்க்கத் தீய்ந்ததுபோல் இருக்கிறது

கிட்டே போய்ப் பார்த்தால் சிற்றிலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டியிருக்கும், அல்லது ஒரே சிற்றிலை நீளவாக்கில் மடிந்திருக்கும். சுருள்பூச்சி என்று சொன்னால் எந்தக் கடலை விவசாயிக்கும் தெரியும். பூச்சியியல் பெயர் அப்ரோஎரிமா மோடிசெல்லா. இது வாழ்க்கையின் முதல் பாதியில் மட்டும்தான் இலைத்துளைப்பான். சின்னப் புழுவாக இருக்கும்போது இலைக்குள், நடுநரம்பை ஒட்டிக் குடையும். மேலே சின்னச் சின்னப் பழுப்புக் கொப்புளங்களாகத் தெரியும். வளர்ந்து உள்ளே இடம் போதாதபோது வெளியே வந்து இலைகளைப் பின்னிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து தின்னும். ஆகவே பின்னல் கண்ணில் படும் நாளில் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். கொப்புளத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மானாவாரிக் கடலையில், மழை தவறி வெயில் அடிக்கும்போது இது பெருகும். சோயாவிலும் வரும். பக்கத்து வரப்பில் சோயா இருந்தால் அதன் இலைகளையும் புரட்டிப் பாருங்கள். பூச்சி விளக்குக்கு நன்றாக வரும் என்பதால் முன்னிரவில் விளக்குப்பொறி வைத்து எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். சாம்பல் நிறச் சின்னப் பூச்சி. முன்னிறகின் ஓரத்தில் ஒரு வெளிர்ப்புள்ளி இருக்கும். ஊடுபயிராகக் கம்பு போட்டால் இந்தப் புழுவைத் தேடி வந்து, அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் கூடும்.

அறிகுறி: முந்திரித் தளிரில் சாம்பல்வெள்ளைக் கொப்புளம், பிறகு ஓட்டை

அக்ரோசெர்காப்ஸ் சிங்ரம்மா. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரிக்காட்டில் மழைக்குப் பின் வரும் தளிர்களில் எளிதாகப் பார்க்கலாம், மாவிலும் உண்டு. தொடக்கத்தில் கோடு, சீக்கிரமே பல கோடுகள் ஒன்றாகக் கலந்து கொப்புளமாகிவிடும். கொப்புளத்தின் தோல் காய்ந்து உதிர்ந்ததும் இலையில் ஓட்டை மிஞ்சும். முற்றிய இலையில் ஓட்டையை மட்டும் பார்ப்பவர்கள் வண்டு கடித்தது என்பார்கள். ஓட்டையின் ஓரத்தில் மெல்லிய உலர்ந்த தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டு அல்ல. சரியான நேரத்தில் போனால் கொப்புளத்துக்குள் வெளிறிய புழுக்களையும், முற்றியபின் சிவந்துபோன புழுக்களையும் பார்க்கலாம். சிவந்தவை கீழே விழுந்து மண்ணில் கூடு கட்டும். அதனால் இலையில் கூட்டுப்புழுவைத் தேடிப் பயனில்லை.

தேயிலையில் முதலில் இலையின் அடியில் மெல்லிய தடம், அடுத்து விளிம்புச் சுருள், கடைசியில் முக்கோணமாக மடிந்த நுனி என்று மூன்றும் ஒரே கொழுந்தில் தெரிந்தால் கலோப்டிலியா தீவோரா. நீலகிரி, வால்பாறை, இலங்கை மலைநாடு. இலைக்குள் தொடங்கி வெளியே முடியும் வாழ்க்கை இதற்கும்.

சென்னைத் தெருக்களில் நிற்கும் புங்கன் இலையில் வெள்ளைக் கொப்புளமும் பருக்களும் கலந்து கிடக்கும். கொப்புளம் அந்துப்பூச்சிப் புழுவின் குடைவு. நிமிர்ந்து நிற்கும் பருக்கள் அதன் வேலையல்ல, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சுகள். இரண்டையும் ஒரே நோய் என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அறிகுறி இதே மாதிரி, ஆனால் இலைக்குள் குடையும் அந்துப்பூச்சி இல்லை

விரலால் தேய்த்தால் வெள்ளை போய்விடுகிறதா? சாம்பல் நோய். பூஞ்சை.

இலை முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளி மினுமினுப்பு, தடம் எதுவும் இல்லை, அடியில் கறுப்புப் புள்ளிகள்: இலைப்பேன்.

நெல்லில் இலை நீளத்துக்கு இணையாக வெள்ளைச் சுரண்டல், நுனியில் கொப்புளம்: நீலக்கறுப்பில் உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் ஹிஸ்பா வண்டு. சுரண்டுவது தாய், கொப்புளத்துக்குள் இருப்பது பிள்ளை.

தென்னை ஓலையின் அடியில் எச்சமும் நூலும் கலந்த குழாய், ஓலை காய்ந்து கிடக்கிறது: கருந்தலைப்புழு. இது அந்துப்பூச்சியின் புழுதான், ஆனால் ஓலையை அடியிலிருந்து சுரண்டுகிறது, உள்ளே போவதில்லை. ஓலைக்கு உள்ளேயே குடையும் வண்டு ஒன்று 1970-களின் தொடக்கத்தில் இலங்கைத் தென்னையில் வந்து பெரும் பயத்தைக் கிளப்பியது. வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

அறிகுறி: குடைவு இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை

காலியான குடைவும் பேசும். தோலில் எப்படிப்பட்ட திறப்பு என்று பாருங்கள். அச்சு வைத்து வெட்டியதுபோல் வட்டமான சின்னத் துளை இருந்தால் வெளியே போனது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழுவைத் தின்று வளர்ந்த குளவி. இப்படித் துளையிட்ட இலைகள் நிறைய இருந்தால் மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள். தோல் கிழிந்து, கூட்டுப்புழுவின் காலிச் சட்டை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்துப்பூச்சி பிறந்து போய்விட்டது. கோட்டின் முனையில் பிறைவடிவக் கீறல் மட்டும் இருந்து, தொட்டி மண்ணில் மஞ்சள்பழுப்பு நிறத்தில் பீப்பாய் வடிவக் கூடுகள் கிடைத்தால் ஈ. குடைவுக்குள் புழு கறுத்துச் சுருங்கிக் கிடந்தால் அதைத் தொடாதீர்கள், அதற்குள்ளே குளவிக் குஞ்சு இருக்கலாம்.

புழு கிடைத்துவிட்டது, பெயர்தான் தெரியவில்லை

வளர்த்துப் பார்க்க வேண்டியதுதான். இலையைக் காம்போடு பறித்து, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். அடியில் டிஷ்யூ தாள் ஒன்று. டப்பாவில் தண்ணீர் முத்துக்கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும், தாளை மாற்றிவிடுங்கள். வெயில் படும் சன்னலில் வைக்க வேண்டாம். புழு ஏற்கனவே பெரிதாக இருக்கும் குடைவையே தேர்ந்தெடுங்கள். சின்னப் புழு என்றால் அது வளர்ந்து முடிக்கும் முன்பே இலை வாடிவிடும். மண்ணில் கூடு கட்டும் இனமாக இருக்கலாம் என்பதால் ஈர மணலும் கொஞ்சம் போட்டு வையுங்கள். வெயில் காலத்தில் பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் வெளிவந்துவிடும்.

வந்த பூச்சியை டப்பாவோடு சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும், அப்போது படம் எடுங்கள். உட்காரும் கோலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: கலோப்டிலியா வகைகள் முன்கால்களை ஊன்றித் தலையை உயர்த்தி உட்காரும், படத்திலேயே குடும்பம் தெரிந்துவிடும். குளவி வந்தாலும் தூக்கி எறியாதீர்கள், அதையும் படம் எடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் (உயிரினங்களின் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் இணையதளம்) போடுவதானால் பூச்சியின் படம் மட்டும் போதாது. செடியின் முழுப்படம், இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படம், திறந்த குடைவில் புழுவின் தலை, இவ்வளவும் ஒரே பதிவில் இருக்கட்டும். இடத்தைச் சரியாகக் குறியுங்கள்; "தமிழ்நாடு" என்று பொதுவாகப் போட்டால் எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்கு உதவாது. தேதி, பூச்சியை இலையோடு எடுத்த நாளாக இருக்க வேண்டும், டப்பாவில் பிறந்த நாள் அல்ல. அதைக் குறிப்பில் தனியாக எழுதலாம். செடியின் பெயர் தெரியாவிட்டால் முதலில் செடிக்கு ஒரு பதிவு போட்டுப் பெயர் வாங்கிவிட்டு, பிறகு புழுவுக்கு வாருங்கள்.